விற்பவர் எழுதும் வரலாறு

'விண்டேஜ்' என்னும் சொல் திராட்சைத் தோட்டத்தில் பிறந்தது. முதலில் பழம் பறிக்கும் பருவத்தையும், பின்னர் அப்பருவத்தில் பிழிந்த மதுவின் ஆண்டையும் குறித்தது. இது எந்த ஆண்டின் சரக்கு என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்வதே அதன் வேலையாக இருந்தது. இன்று அமெரிக்காவில் பழம்பொருள் விற்பவர்கள் பெரும்பாலும் ஆண்டு தெரியாத இடத்தில்தான் அதைப் போடுகிறார்கள். ஈபே போன்ற ஏலத் தளங்களில் 'விண்டேஜ் மௌண்டன் பைக்' என்று தேடி, வந்து விழும் விற்பனைக் குறிப்புகளை ஒரு மணி நேரம் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு இது புரிந்துவிடும். விண்டேஜ், அபூர்வம், முழுக்க அசல், அமெரிக்கத் தயாரிப்பு, கையால் செய்தது. திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இவை. தலைப்புக்கு ஈபே கொடுத்திருக்கும் 80 எழுத்து இடத்தில் இவற்றுள் இரண்டு மூன்றை நுழைத்த பிறகு உண்மைக்கு அதிக இடம் மிஞ்சுவதில்லை.

வியாபாரி மிகைப்படுத்துவதில் வரலாற்று மாணவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இக்குறிப்புகளில் என் கவனத்தை ஈர்ப்பது பிழைகளின் எண்ணிக்கை அன்று. அவை சாயும் திசை. அறியாமையால் மட்டும் நேரும் பிழைகள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்க வேண்டும். இவை அப்படிச் சிதறுவதில்லை. 1992இல் செய்த சைக்கிளை 1984 என்பவர்கள் உண்டு. 1984இல் செய்ததை 1992 என்பவரைக் காண்பது அரிது. தைவானில் செய்ததைச் சிகாகோ என்பார்கள். சிகாகோவில் செய்ததைத் தைவான் என்று யாரும் சொல்வதில்லை. தொழிற்சாலையில் பிறந்தது ஒரு மேதையின் கொட்டகையில் பிறந்ததாகிவிடும். மலைச் சைக்கிள் எப்படித் தோன்றியிருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் விரும்புகிறதோ, அந்த விருப்பம் இப்பிழைகளில் பதிவாகியிருக்கிறது.

மெய்யான வரலாறு என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்ட்டி என்னும் மலைப்பாங்கான பகுதி. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், முப்பது நாற்பது ஆண்டுப் பழைமையுள்ள தடித்த டயர்ச் சைக்கிள்களைப் பழைய இரும்புக் கடைகளிலிருந்து சில டாலர்களுக்கு வாங்கி வந்து, மலையின் தீத்தடுப்புப் பாதைகளில் கீழ்நோக்கி ஓட்டினார்கள். ஷ்வின் நிறுவனம் 1933இல் அறிமுகப்படுத்திய பலூன் டயர் வண்டிகளின் வழிவந்தவை அவை. எக்ஸெல்சியர் என்னும் பெயர்த் தகடு தாங்கிய ஷ்வின் ஃபிரேம்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கும் பாதை ஒன்றில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அந்தப் பழைய பிரேக்கின் உள்ளிருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். சக்கரத்தின் குடத்தைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

இந்தப் பந்தயத்தை நடத்திய சார்லி கெல்லி ஓட்டியவர்களின் நேரங்களை எழுதி வைத்தார். வெண்டி கிராக் என்ற பெண்மணி படம் எடுத்தார். தங்களை யாரும் பொருட்படுத்தாத காலத்தில் ஒரு சிறு குழு தன்னைத்தானே ஆவணப்படுத்திக்கொண்டது. கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார், ஜோ பிரீஸ் 4 நிமிடம் 24 விநாடி என்று இன்றும் சொல்ல முடிகிறது.  அதே ஜோ பிரீஸ் 1977–78இல் பழைய ஃபிரேம்களை நம்பாமல், மலையோட்டத்துக்கென்றே குரோமோலி உருக்கில் பத்து வண்டிகளைக் கட்டினார். 1979இல் டாம் ரிச்சி செய்த ஃபிரேம்களைக்கொண்டு ஃபிஷரும் கெல்லியும் 'மௌண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறு வணிகம் தொடங்கினார்கள். விலை ஆயிரம் டாலருக்கு மேல். அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்யும் முயற்சி பலிக்கவில்லை. பெயர் பொதுச்சொல்லாகி ஊருக்கெல்லாம் சொந்தமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரினை விடவும் முந்தியவர்கள் இருந்தார்கள். 1950களில் பாரிஸ் அருகே ஓர் இளைஞர் குழு இதேபோல் சைக்கிளை மாற்றியமைத்துக் காட்டில் ஓட்டியது. 1953இல் கலிஃபோர்னியாவிலேயே ஜான் ஃபின்லி ஸ்காட் என்பவர் தடித்த டயரும் கியரும் வைத்த வண்டி ஒன்றைச் செய்துகொண்டார். 1974 டிசம்பரில் குபர்ட்டினோவிலிருந்து மரினுக்குப் பந்தயத்துக்கு வந்த சிலர் பழைய தடித்த டயர் வண்டிகளில் கியர் மாட்டியிருந்தார்கள். ஆகவே 'உலகின் முதல் மலைச் சைக்கிள் வகை' என்று ஒரு விற்பனைக் குறிப்பு சொல்லும்போது, முன்னோடிகளே தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளாத ஒரு வழக்கில் விற்பவர் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்.

இனி விளம்பரங்களுக்கு வருவோம். கேரி ஃபிஷர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். 1979 முதல் 1983 வரை கெல்லியோடு சேர்ந்து நடத்திய வணிகம் ஒன்று. அது கலைந்தபின் தம் பெயரில் தொடங்கிய நிறுவனம் இன்னொன்று. 1991இல் அது ஆன்லென் என்ற தைவான் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1993இல் விஸ்கான்சினைச் சேர்ந்த டிரெக் வாங்கியது. 2010ஐ ஒட்டித் தனி நிறுவனப் பெயராக இருந்த நிலையும் முடிந்து, டிரெக்கின் ஒரு வரிசையாக ஒடுங்கிற்று. இந்த முப்பதாண்டுகளில் ஃபிஷர் என்ற எழுத்தைத் தாங்கி வந்த சைக்கிள்கள் பல நாடுகளில், பல கைகளால் செய்யப்பட்டவை. ஆனால் விற்பனைக் குறிப்புகளில் அத்தனையும் மரின் மலையடிவாரத்தில் ஃபிஷர் தம் கையால் பற்றவைத்தவை. ஃபிஷர் பந்தய வீரர், வடிவமைப்பாளர், சிறந்த பேச்சாளர்; தொடக்ககால ஃபிரேம்களைப் பற்றவைத்த கை ரிச்சியுடையது. ஔவையார் என்ற ஒரு பெயரின்கீழ் பல நூற்றாண்டுப் பாடல்கள் வந்து சேர்ந்ததை நாம் அறிவோம். புகழ்பெற்ற பெயர் ஒரு காந்தம். அருகில் கிடப்பதையெல்லாம் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

ஷ்வின் கதை இதைவிட ஆழமானது. இந்தப் பிழைகளால் யாருக்கு என்ன இழப்பு என்பது அங்கேதான் தெரிகிறது. 1895இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் அது. அமெரிக்கக் குழந்தைகளின் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குச் சைக்கிள் என்றாலே ஷ்வின். 1980இல் சிகாகோ ஆலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் வெளியிலிருந்து வண்டி வரவழைப்பதை அதிகப்படுத்தியது. 1972இல் தைவானில் தொடங்கப்பட்ட ஜயண்ட் என்ற நிறுவனத்திடம் மேலும் மேலும் வேலை போயிற்று. 1981இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் நகரில் ஷ்வின் ஓர் ஆலை திறந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சிகாகோவில் சைக்கிள் உற்பத்தி நின்றது. 1980களின் நடுப்பகுதிக்குள் ஷ்வின் என்ற பெயரில் விற்ற வண்டிகளில் பெரும்பகுதி ஜயண்ட் செய்தவை. 1991இல் கிரீன்வில் ஆலையும் மூடப்பட்டது. 1992இல் ஷ்வின் திவாலாயிற்று. ஜயண்ட் உலகின் மிகப் பெரிய சைக்கிள் தயாரிப்பாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது.

இந்த ஆண்டுகளை மலைச் சைக்கிளின் ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். அமெரிக்காவில் மலைச் சைக்கிள் பெரும் சந்தையாவது 1980களின் நடுவில். சிகாகோவில் ஷ்வின் சைக்கிள் செய்வதை நிறுத்தியது அதற்கு முன்பே. எனவே 1987ஆம் ஆண்டு ஷ்வின் மலைச் சைக்கிளைச் 'சிகாகோத் தயாரிப்பு' என்று விவரிப்பவர், மூடிய ஆலையில் வண்டி செய்கிறார். அது தைவானில் செய்ததாக இருக்கலாம், கிரீன்விலில் செய்ததாக இருக்கலாம்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து யாரும் இதைச் செய்வதில்லை என்றே நினைக்கிறேன். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் சொல்கிறது. சைக்கிளில் அது பல சமயம் ஒரு சிறு ஒட்டுத்தாள். முப்பது நாற்பது ஆண்டு மழையிலும் வெயிலிலும் முதலில் உரிந்து போவது அதுதான். நிறுவனத்தின் பெயரோ பெரிய எழுத்துகளில், வார்னிஷுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஒட்டுத்தாள் போன பிறகு விற்பவரின் கண்ணுக்குத் தெரிவது அமெரிக்கப் பெயர் மட்டுமே. 'ஷ்வின் அப்ரூவ்டு' என்று எழுதியிருந்தால் அதையும் பெருமையாகக் குறிப்பில் சேர்த்துக்கொள்வார். பிறர் செய்து கொடுத்ததற்கு ஷ்வின் வைத்த ஒப்புதல் முத்திரை அது என்பதை அறியாமல். பசை காய்ந்தது, ஒரு தீவின் உழைப்பு வரலாற்றிலிருந்து உதிர்ந்தது.

கிரீன்விலுக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். அது அமெரிக்காதான். 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் விளம்பரங்களில் மிசிசிப்பியின் பெயர் அபூர்வமாகவே வருகிறது, வருவதெல்லாம் சிகாகோ. பத்தாண்டுகள் அந்த ஊரில் நின்று வண்டி பூட்டியவர்களுக்கு விற்பனைக் குறிப்புகளில் கிடைத்த இடம், தைவானியருக்குக் கிடைத்ததைவிட அதிகமில்லை. அங்கிருந்து வந்த வண்டிகளின் தரம் பற்றி ஷ்வின் முகவர்களிடையே அன்று நல்ல பேச்சு இல்லை என்பதும் உண்மை. அதைக்கூட யாரும் குறிப்பிடுவதில்லை.

ஜப்பானுக்கு வேறு வகை மறதி. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 1981இல் கொண்டுவந்த ஸ்டம்ப்ஜம்பர்தான் மலைச் சைக்கிளைக் கைவினையிலிருந்து ஆலை உற்பத்திக்கு நகர்த்தியது. விலை 750 டாலர். ரிச்சியின் வடிவத்தை ஒட்டியது, ஆனால் ஃபிரேம் செய்யப்பட்டது ஜப்பானில். தொடக்ககால ஸ்டம்ப்ஜம்பர் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அமெரிக்கத் தேசிய வரலாற்றின் சின்னமாகிவிட்ட ஒரு பொருள் பசிபிக்கின் மறுகரையில் பற்றவைக்கப்பட்டது என்பதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. மலைச் சைக்கிள் தோன்றிய விதமே அதுதான்: கலிஃபோர்னியாவின் எண்ணம், ஜப்பானின் உதிரிபாகம், பிறகு தைவானின் பெருக்கம். இம்மூன்றில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் உரித்தெடுக்கும் வேலையைத்தான் 'கையால் செய்த அமெரிக்க' என்ற தொடர் செய்கிறது.

ஒரு சைக்கிளின் வயதைச் சரியாகச் சொல்வது அத்தனை கடினமா? இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவே. ஷிமானோ நிறுவனம் தன் உதிரிபாகங்களின் பின்புறத்தில் இரண்டு எழுத்துகளைப் பொறித்து வந்தது. முதல் ஆங்கில எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1976, 'பி' என்றால் 1977 என்று தொடங்கி, 'இஸட்' 2001இல் முடியும். மாதம் 'ஏ' முதல் 'எல்' வரை. 'எச்', 'டி' என்று இருந்தால் 1983 ஏப்ரல். 2002இல் மீண்டும் 'ஏ' வந்துவிடுவதால், 26 ஆண்டு இடைவெளியில் குழப்பத்துக்கு வாய்ப்புண்டு. நம் அறுபதாண்டுச் சுற்றில் பிரபவ என்று மட்டும் எழுதி வைத்த ஓலை தரும் அதே குழப்பம். பாகத்தின் தோற்றத்தைப் பார்த்து இந்தச் சுற்றா அந்தச் சுற்றா என்று முடிவுசெய்ய வேண்டியதுதான்.

பாகங்களின் பாணியும் பேசும். பின் பிரேக் இருக்கைக்கு அடியில் இல்லாமல் செயினை ஒட்டிய கீழ்க்குழாய்களின் அடியில் இருந்தால், பெரும்பாலும் 1986 முதல் 1988 வரையிலான வண்டி. சேறு அப்பிக்கொள்ளும் இடத்தில் பிரேக் வைத்த தவறு அது. மூன்று ஆண்டுகளில் கைவிட்டுவிட்டார்கள். விற்பனைக் குறிப்புகளில் 'அபூர்வமான பின் பிரேக்' என்று போற்றப்படுவது இந்தத் தவறுதான். அபூர்வம் என்பதென்னவோ உண்மை. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் குலுக்கல் தாங்கும் முன் ஃபோர்க் 1989–90க்கு முன் கிடையாது. நீண்ட கைகள் கொண்ட ஷிமானோவின் வி-பிரேக் பரவியது 1996 வாக்கில். 1985ஆம் ஆண்டு வண்டி, முழுக்க அசல் என்று எழுதிவிட்டு, படத்தில் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கையும் வி-பிரேக்கையும் காட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை.

ஒரு வண்டியில் பிறவியிலேயே பூட்டியிருந்த பாகங்களுள் மிகப் பிந்திய தேதியுடையது எதுவோ, அதற்கு முன்னால் அந்த வண்டி பிறந்திருக்க முடியாது. ஒரு நூலின் காலத்தை அதிலுள்ள பிந்திய சொல்லைக்கொண்டு கணிக்கும் அதே முறை. அந்தச் சொல் இடைச்செருகலா என்ற கேள்வியும் கூடவே வரும். சைக்கிளில் இடைச்செருகல் இல்லாத பிரதியே கிடையாது. டயர், பிரேக் கட்டை, கேபிள், செயின் எல்லாம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. 'முழுக்க அசல்' என்ற சொற்கள் உண்மையானால் அந்த வண்டி ஓட்டப்படவே இல்லை என்று பொருள்.

உலோகத்தைப் பற்றிய பிழை மிகச் சாதாரணம். 'குரோமோலி ஃபிரேம்' என்று எழுதியிருக்கும். ஃபிரேமிலுள்ள தாளை உற்றுப் படித்தால், மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் குரோமோலி என்று சிறிய எழுத்தில் இருக்கும். மற்றவை மலிவான தடித்த உருக்கு. தாளே போயிருந்தால் சீட்டைத் தாங்கும் தண்டை உருவி அளந்து பார்க்கலாம். நல்ல குழாயின் சுவர் மெல்லியது, அதனால் உள்துளை அகலம். 26.8, 27.2 மில்லிமீட்டர் என்றால் நல்ல அறிகுறி, 25.4 என்றால் ஐயப்படலாம். விற்பவர் இதைச் செய்வதில்லை. தண்டு துருப்பிடித்து இறுகியிருப்பது வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதும் அவருக்கு ஒரு வகையில் வசதிதான்.

சட்டம் இதில் ஒரு நுட்பமான கோடு கிழித்திருக்கிறது. லூசியானா நீங்கலாக மற்ற அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட சீரான வணிகச் சட்டத்தின் விற்பனைப் பகுதிப்படி, பேரத்துக்கு அடிப்படையாக அமைந்த விவரணை ஓர் உத்தரவாதம். விற்பவரின் வெறும் கருத்தும் புகழ்ச்சியும் உத்தரவாதமாகா. அதாவது '1983' என்பது விவரணை, 'அபூர்வம்' என்பது கருத்து. 'குரோமோலி' பிணைக்கும், 'அருமையான வண்டி' பிணைக்காது. 'விண்டேஜ்' எந்தப் பக்கம் சேரும் என்று சொல்வது கடினம். விற்பவர்கள் அதை இவ்வளவு விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பழைய கார்ச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதால் நல்ல கார்கள் சந்தையை விட்டே வெளியேறிவிடும் என்று காட்டினார். 2001இல் நோபல் பரிசும் பெற்றார். பழைய மலைச் சைக்கிளில் இந்த ஏற்றத்தாழ்வு பல சமயம் தலைகீழ். விற்பவர் இறந்துபோன உறவினரின் கொட்டகையைக் காலி செய்கிறவர், எதுவும் தெரியாது. 'ஆண்கள் சைக்கிள், நீலம், ஓடும்' என்று எழுதுவார். சில சமயம் நிறுவனத்தின் பெயரையே தவறாக எழுதுவார். எல்லாம் தெரிந்தவர் வாங்குபவர். பிழையான எழுத்துகளில் திட்டமிட்டுத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஓர் எழுத்து விடுபட்டதால் வேறு யார் கண்ணிலும் படாத ஏலத்தை அவர்கள் சொற்பத் தொகைக்கு முடித்துக்கொள்வார்கள்.

அதன் பிறகு நடப்பது எனக்கு உவப்பானதாக இல்லை. தொடக்ககால ஷிமானோ டியோர் எக்ஸ்டி பாகங்கள், மான் தலை முத்திரை கொண்டவை, தனித்தனியே விற்றால் முழு வண்டியைவிட அதிகம் கிடைக்கும் என்றால், வாங்கியவர் வண்டியைப் பிரித்துவிடுகிறார். முன் கியர், பின் கியர், பிரேக் கைப்பிடி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்குப் போகும். நாற்பது ஆண்டு ஒன்றாக இருந்த பாகங்கள் எந்த ஃபிரேமில் இருந்தன என்பது அத்துடன் யாருக்கும் தெரியாமல் போகிறது. மிகையாக எழுதப்பட்ட வண்டியாவது பொய்யான வரலாற்றோடு முழுதாக ஒரு சுவரில் தொங்கும். குறைவாக எழுதப்பட்டது உடல் பிரிந்து போகும்.

பிழையான குறிப்பு விற்பனையோடு முடிவதும் இல்லை. அடுத்து அதே மாதிரியை விற்பவர், பழைய ஏலத்தைத் தேடிப் பார்த்து, அதில் இருந்த ஆண்டையே எடுத்து எழுதுகிறார். மூன்றாமவருக்கு இரண்டு சான்றுகள் கிடைத்துவிடுகின்றன. ஏடு பார்த்து எழுதுபவர் முன்னவர் பிழையைத் தம் பிழையோடு சேர்த்துப் படியெடுப்பதைச் சுவடி ஆய்வில் கண்டிருக்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. ஏடெழுதியவருக்கு மூலம் எங்கோ தொலைவில் இருந்தது. இவருக்கு மூலம் கையிலேயே இருக்கிறது. வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சு நுழையும் குழாயின் அடியில் படிந்த அழுக்கைத் துடைத்தால் போதும். பெரும்பாலான வண்டிகளில் ஃபிரேம் எண் அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும்.

அப்படித் துடைத்தவர்களும் இருக்கிறார்கள். 'ஆண்டு தெரியவில்லை, எங்கே செய்தது என்று தெரியவில்லை, எண்ணின் படம் ஐந்தாவதாக உள்ளது, பின் கியரில் உள்ள எழுத்துகளின் படம் ஆறாவது, முன் சக்கரம் பின்னால் மாற்றியது' என்கிற தோரணையில் எழுதப்பட்ட குறிப்புகள் எப்போதாவது கண்ணில் படும். அவற்றின் தலைப்பில் 'விண்டேஜ்' இருக்காது. தேடலில் அவை வெகு கீழே கிடக்கும்.